மணிக்கு முன்னால் மூன்று கூடை

போன மாதம் நான் நம் டவுன் சுகாதார ஆபீசுக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டார்: "ஐயா, அப்போ லாரி கிடையாது, குப்பை எரிக்கிற சூளை கிடையாது. மார்க்கெட் குப்பைய எப்படி சமாளிச்சீங்க?" முகர்ந்து பார்ப்போம் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் தேநீர் வந்தது, பேச்சு கால்பந்துக்குப் போய்விட்டது.

நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போயும் இரண்டு நாள் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மேடையில் நின்று பேச எனக்கு வராது; நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

நான் முதலில் வேலை பார்த்தது மலாயாவில் மூவாருக்கும் பத்து பகாட்டுக்கும் நடுவில், கடலோரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். என் சம்சாரத்தின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். இரண்டு வரிசைக் கடைவீடுகள், ஒரு படகுத்துறை, துறையை ஒட்டித் தகரக் கூரை போட்ட மார்க்கெட். அவ்வளவுதான் ஊர். ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்திருந்ததால் எனக்கு அங்கே மார்க்கெட் ஓவர்சியர் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் என் அப்பா ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டார். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய மனிதர் அவர். அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நான் காட்டிய அதிகாரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

என் முக்கியமான வேலை மணி அடிப்பது. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு மார்க்கெட் மூட வேண்டும். கயிற்றை இழுத்து நான் அடித்தால் விற்பனை முடிந்தது என்று அர்த்தம். ஒரு நிமிஷம் முன்னே பின்னே அடித்ததில்லை. தவுக்கே, அதாவது முதலாளி, என்று நாங்கள் கூப்பிடும் படகுத்துறைக் காப்பிக்கடைக்காரர் என் மணியைக் கேட்டுத்தான் தன் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

மணி அடித்த பிறகு கடைகளிலும் தரையிலும் எது கிடந்தாலும் அது குப்பை. விதி அப்படி. அந்தக் குப்பை மார்க்கெட்டை விட்டு வெளியே போவதற்கு முன் அதன்மேல் பினாயில் ஊற்ற வேண்டும். நான் வருவதற்கு முன்னால் யாரோ கழித்துப் போட்ட காய்கறிகளை வாய்க்கால் தண்ணீரில் கழுவிப் பக்கத்து மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள், வாங்கிச் சாப்பிட்டவர்கள் வயிற்றுப்போக்கில் படுத்திருக்கிறார்கள். அதற்காக வந்த விதி. விதியில் தப்பில்லை. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கிய ஆளிடம்தான் தப்பு. முழுசான பூசணிக்காயாக இருந்தாலும் ஊற்றுவேன். பினாயில் ஊற்றிய குப்பையை மாட்டு வண்டி ஏற்றிப்போய் ஊர் எல்லைச் சதுப்பில் கொட்டும். அங்கே ஈ மொய்த்த மொய்ப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. எஸ்டேட்டுகளில் ஆளைக் குறைத்தார்கள். வேலை போனவர்களின் பெயரைப் பட்டியலில் எழுதிக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். போகப் பிடிக்காதவர்கள், போனால் அங்கே யாரும் இல்லாதவர்கள், சட்டி பானையோடு நடந்தே ஊருக்குள் வந்தார்கள். மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். பதினொன்றரை மணிக்கெல்லாம் அதன் அடியில் இருபது முப்பது பேர் நிற்பார்கள். கையேந்த மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள். நான் மணி அடிப்பதையும் பினாயில் ஊற்றுவதையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஊற்றுவேன். பார்க்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று அப்போது நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டுகிற வேலைக்கு அந்த அம்மா வந்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எஸ்டேட் மூடிவிட்டது, புருஷன் செத்துப்போய் இரண்டு வருஷம், இரண்டு பெண்பிள்ளைகள். டவுன் போர்டு ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீட்டில், அந்த லயத்தில், ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த அறை. வேலை போனால் அறையும் போகும், பெயர் கப்பல் பட்டியலில் ஏறும். நாலு வயதில் இங்கே வந்தவர். இந்தியாவில் தான் பிறந்த ஊரின் பெயர்கூட அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் இருந்த நிலைமை இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வந்து ஒரு வாரம் பேசாமல் கூட்டினார். எட்டாம் நாள் நான் பினாயில் டின்னைத் தூக்கியபோது துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"என்ன?"

"இந்தக் கங்கோங் கீரை என்ன தப்பு பண்ணுச்சு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மணி அடிச்சாச்சு. மணி அடிச்சா குப்பை. அதுதான் ரூல். போய் வேலையைப் பாரு" என்றேன்.

"மணி அடிச்சா குப்பைங்க, சரி. அடிக்கறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி சாமான். கடைக்காரன் சாமான்."

"கடைக்காரங்க அவங்க சாமான யாருக்காச்சும் கொடுத்தா ரூல் ஒண்ணும் சொல்லாதுங்களே?"

  அந்த விதியை நான் ஆங்கிலத்தில் மனப்பாடமாக வைத்திருந்தேன்; ஒரு தடவைகூட அதைப் படித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மறுநாள் பதினொன்றரைக்கு அவர் மூன்று கூடைகளோடு வந்தார். வாழைநார் கட்டிய கூடை மனுஷருக்கு. சாயம் போன கூடை ஆடுமாடு, பன்றி, கோழிக்கு. அடி பிய்ந்து சாக்கு வைத்துத் தைத்த கூடை மண்ணுக்கு. கடை கடையாகப் போனார். சீனர், மலாய்க்காரர், நம் ஆட்கள் எல்லோரிடமும் சந்தையில் புழங்குகிற கொச்சை மலாய் மொழியில் பேசினார். விற்காது என்று தோன்றுவதை மணிக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், மணி அடித்தபின் நீங்கள் குனிந்து கூட்ட வேண்டாம் என்றார். கடைக்காரர்களுக்கு அது பிடித்துவிட்டது. முதல் வாரம் நாலு கடை, அடுத்த மாதம் எல்லாக் கடையும்.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், காம்பைக் கிள்ளிப் பார்த்துத்தான் கூடையில் போடுவார். தக்காளியில் ஒரு பக்கம் கெட்டிருந்தால் வெட்டி இரண்டு கூடைக்குப் பிரிப்பார். துருவிய தேங்காய்ச் சக்கை கோழிக்கு. மீன் குடல், செதிள் எல்லாம் மண்ணுக்கு. மனுஷர் கூடையைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்க்க மாட்டார். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய எஸ்டேட் ஆட்கள். அவர்களுக்கு வெட்கம் வரக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி. இதை அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சதுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சீனர் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார், பன்றியும் வளர்த்தார். பினாயில் விதி வருவதற்கு முன்னால் மார்க்கெட் குப்பையை அவர்தான் ஏற்றிப்போவார். விதி வந்த பிறகும் ஒரு தடவை ஏற்றிப்போய் உரக்குழியில் போட்டிருக்கிறார். குழியில் இருந்த மண்புழு எல்லாம் செத்துவிட்டதாம். அதோடு மார்க்கெட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார். அந்த அம்மா தானே நடந்துபோய் அவரைக் கூட்டிவந்தார். முதல் நாள் அந்த மனிதர் இரண்டாவது கூடையை மூன்று தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணுக்கு உள்ள கூடையைக் கையால் கிளறி அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு, தோள் காவடியில் மாட்டிக்கொண்டு போனார். நாலு மாதம் கழித்து அதே காவடியில் நம் மார்க்கெட்டுக்குச் சாவி என்கிற சீனக் கடுகுக் கீரை கொண்டுவந்தார். இலை ஒவ்வொன்றும் விசிறி மாதிரி இருந்தது. மார்க்கெட் தின்னாமல் விட்டதைத் தின்று வளர்ந்த கீரை. அதை வாங்கிச் சாப்பிட்டபோது எனக்கு என்னவோ நானே பயிரிட்ட மாதிரி இருந்தது. என் வேலை அதில் துளிகூட இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். படகுத்துறையில் நம் ஆள் ஒருவர் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். தாராள மனசுக்காரர். கூடை விஷயத்தைக் கேள்விப்பட்டு, இலைகளில் மிஞ்சிய சோற்றையெல்லாம் வழித்து ஒரு வாளியில் சேர்த்து, "பாவம், சாப்பிடட்டும்" என்று அனுப்பிவைத்தார். அந்த அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நேராகக் கொண்டுபோய் மூன்றாவது கூடையில் கவிழ்த்தார். கடைக்காரர் ஓடிவந்துவிட்டார்.

"என்னம்மா, நல்ல சோத்தப் போய் மண்ணுல கொட்டறியே?"

"பானையில மிஞ்சுனா கொடுங்கண்ணே, கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கறேன். இலையில மிஞ்சுனது எச்சி. வேல போயிட்டா எச்சி எச்சி இல்லேன்னு ஆயிடுமா?"

கடைக்காரர் முகம் சிவந்துபோனது. ஆனால் மறுநாளிலிருந்து பானையில் மிஞ்சுவது தனியாக, மூடி போட்டு வந்தது. இன்னொன்றும் நடந்தது. எவ்வளவு மிஞ்சுகிறது என்று தினம் கண்ணால் பார்த்தபிறகு அவர் உலை வைக்கிற அரிசியைக் குறைத்துவிட்டார். மிச்சம் ஒழிந்தது. "அம்மா, கொடுக்க ஒண்ணும் இல்லையே" என்று அவர் வருத்தப்பட்டபோது, "அதுவும் நல்லதுதாண்ணே" என்று இந்த அம்மா சிரித்தார். வீணாகாமல் செய்வதுதான் முதல் காரியம், வீணானதைப் பிரிப்பது அப்புறம் என்று இன்றைக்கு உங்களுக்குப் பாடமாக நடத்துகிறார்கள். நான் அதைப் படகுத்துறையில் கேட்டவன்.

சதுப்பில் ஈ குறைந்தது. வண்டி இரண்டு நடை போனது ஒரு நடையானது. மூவாரிலிருந்து மாதம் ஒருமுறை சோதனைக்கு வரும் வெள்ளைக்கார டாக்டர் இதைக் கவனித்து, "நன்றாகச் செய்திருக்கிறாய்" என்று என் தோளில் தட்டினார். நான் "தேங்க் யூ, சார்" என்றேன். பத்தடி தூரத்தில் அந்த அம்மா கூட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்தது என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

இப்போது மீன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடைய மூத்த பெண் வயதுக்கு வந்தாள். மூன்று நாள் லீவு கேட்டார். எழுத்தில் கேட்டால் டவுன் போர்டு தலைமைக் குமாஸ்தா சம்பளத்தைப் பிடிப்பார், மூன்று நாள் ஆளில்லாமல் முடிகிறதே என்று வேலையையே பிடுங்கினாலும் பிடுங்குவார். ஆள் குறைக்கிற காலம். அதனால் நான், "நீ போ, செக்ரோல்ல நான் பாத்துக்கறேன்" என்றேன். ஆட்களின் வருகையைக் குறிக்கிற அந்தப் புத்தகத்தில் மூன்று நாளும் அவர் வந்ததாகக் குறித்துவிட்டேன். உதவிதான் செய்தேன். எப்படிப்பட்ட உதவி என்பது பிறகு தெரிந்தது.

போகும்போது அவர் ஒன்றுதான் சொன்னார். "கூடை எல்லாம் நீங்களே பாத்துக்கலாங்கய்யா, கஷ்டமில்ல. மீன் மட்டும் மரத்தடிக்குப் போக வேணாம்."

"நல்ல மீனா இருந்தா?"

"நல்ல மீனா இருந்தாலுந்தான்."

இரண்டாம் நாள் காலையிலிருந்து மழை. வாங்க ஆள் வரவில்லை. பத்து மணிக்கு மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மீன்காரர் ஒரு கூடை கெம்போங் மீனை என் முன்னால் வைத்தார். "மாசே பாகுஸ் லா" என்றார். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று. நான் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பு. கண் பளபளவென்று இருந்தது. அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை. முகர்ந்தேன், கடல் வாசம்தான். எதிரே மரத்தடியில் அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். காய்கறிக் கூடை பாதிகூட நிரம்பவில்லை. ஒரு கூட்டுகிற பொம்பளை சொன்னதற்காக இவ்வளவு மீனை மண்ணில் போடுவதா என்று எனக்குத் தோன்றியது. நான் ஓவர்சியர். மீனை வாழைநார் கூடையில் கொட்டி மரத்தடியில் வைத்துவிட்டு, அவர் செய்வது மாதிரியே திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மனசு குளிர்ந்திருந்தது. மணியைச் சரியாகப் பன்னிரண்டுக்கு அடித்தேன்.

நாலு மணிக்குள் சேதி வந்துவிட்டது. மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்கள் முகம் நெருப்பாகச் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இடுப்பில் இருந்த குழந்தையும். யாரோ காலரா என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கடைவீதியில் கதவுகள் சாத்தப்பட்டன. ஊர் மருந்தகத்து வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். நான் வைத்ததைப் பார்த்தவர்கள் பேச முடியாமல் படுத்துக் கிடந்தார்கள், ஊரில் மற்றவர்களுக்கு யார் கொடுத்தது என்று தெரியவில்லை. கூடையைத்தான் எல்லோருக்கும் தெரியும். அது யார் கூடை என்றும் தெரியும்.

மறுநாள் காலை டாக்டர் மூவாரிலிருந்து வந்தார். படுத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு நேராக மார்க்கெட்டுக்கு வந்து, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தலைமைக் குமாஸ்தா செக்ரோலைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். நேற்று கூட்டுகிற பெண் வேலைக்கு வந்திருக்கிறாள் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மீன்காரர் அன்றைக்குக் கடையே விரிக்கவில்லை. லயத்திலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டு வந்தார்கள். சடங்கு வீட்டு மஞ்சள் கையில் அப்படியே இருந்தது.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

தம்பிகளே, நான் பயந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். குவார்ட்டர்ஸ் வீடு. என்னைவிட அதிகம் படித்தவர்களை அந்த வருஷம் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"இந்தக் கூடை அவளுடையதா, அதில் மீனைப் போட்டு அவள் கொடுத்தாளா, கேள்" என்றார் டாக்டர். நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னார்:

"கூடை என்னுதுதான். மீன நான் கொடுக்கல. யாரு கொடுத்தாங்கன்னு என்னைக் கேக்க வேணாம், அத அவங்களே சொல்லுவாங்கன்னு தொரைகிட்ட சொல்லுங்கய்யா."

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். "கூடை தன்னுடையது என்கிறாள், சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு நின்றுவிட்டேன்.  டாக்டர் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினார்.

"ஐயா" என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. "நான் சொன்னது இவ்ளோ குட்டியாவா இருந்துச்சு?"

ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாதவர். எவ்வளவு சொன்னோம், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று நீளத்தை வைத்தே அளந்துவிட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்தி, "என்ன சொல்கிறாள்?" என்றார்.

அவர் சொன்ன முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கி, ஒரு வார்த்தை விடாமல், நான் அவ்வளவையும் ஆங்கிலத்தில் சொன்னேன். "இவ்வளவு குட்டியாகவா இருந்தது" என்பதையும் சொன்னேன். அதற்கு மேல் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. மிச்சம் என் வாக்கியம்தான். "நான் கொடுத்தேன், சார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று நாளாக அவள் வேலைக்கு வரவில்லை. செக்ரோலில் இருப்பது நான் போட்ட பொய்."  

டாக்டர் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதை அடித்தார். பிறகு, இது காலரா இல்லை என்றார். வெயிலில் கிடந்த சிலவகை மீன் இப்படிச் செய்யும், வாசமும் மாறாது, சமைத்தாலும் போகாது, பெரும்பாலும் இன்றைக்கு எழுந்துவிடுவார்கள் என்றார். அப்படியே எழுந்தார்கள், குழந்தை மத்தியானம் பால் குடித்தது. அதைக் கேட்டபோது நான் மீன் மேடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

அன்று காலை பெட்டியிலிருந்து எழுந்து போவதற்கு முன் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "மீனைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேள்."

நான் கேட்டேன். அவர் கொஞ்சம் குழம்பியவர் போல இருந்தார்.

"எனக்கு மீனப் பத்தித் தெரியாதுங்களே. கீரை காய் தெரியும். சோறு தெரியும். மீன எப்படிப் பாத்தாலும் எனக்குப் பிடிபடல. அதனாலதான் கொடுக்கறதில்ல."

இதை நான் முழுசாக, நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தேன். டாக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் முகர்ந்து பார்ப்போம் என்று சொன்னதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். முகர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த மார்க்கெட்டில் நிறையப் பேர் இருந்தார்கள், நானும் அன்று முகர்ந்துதான் பார்த்தேன். தன் மூக்கு எதுவரை செல்லுபடியாகும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முப்பது வருஷ வேலையில் எத்தனையோ பெரிய படிப்புப் படித்தவர்களோடு நான் பழகியிருக்கிறேன். அவ்வளவு சுத்தமான அறிவை வேறெங்கும் பார்க்கவில்லை.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. மூன்று கூடை தொடரலாம், மீனைத் தவிர. அது அந்த அம்மாவின் பொறுப்பு. அவருடைய மூன்று நாளும் லீவாக எழுதப்பட்டது, வேலைக்குக் கேடில்லை. லயத்து அறை அவருக்கே. கப்பல் பட்டியல் பேச்சு எழவில்லை. இரண்டு பெண்களையும் அந்த அறையிலிருந்துதான் பிறகு கட்டிக்கொடுத்தார்.

எனக்கு மார்க்கெட் போயிற்று. லோங்காங் பகுதிக்கு மாற்றினார்கள். ஊர்ச் சாக்கடைகள் அடைக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. வேலையே போகாமல் இருந்தது பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். பொருட்களை ஒப்படைத்த அன்று பினாயில் டின், சாவி, விதிப் புத்தகம் எல்லாவற்றையும் தலைமைக் குமாஸ்தா வாங்கிக்கொண்டார். புது ஆள் வரும்வரை மணியை யார் அடிப்பது என்று கேட்டார். "அவங்க அடிக்கட்டும்" என்றேன். அதுவரை அந்த அம்மாவை நான் நீ என்றுதான் கூப்பிட்டிருந்தேன். கயிற்றை அவர் கையில் கொடுத்தபோது "பன்னெண்டு மணிக்கு அடிங்கம்மா" என்றேன். புது ஆள் வந்த பிறகும் மணிக்கயிறு அவரிடமே இருந்துவிட்டது.

ஆனால் அவரிடம் கடிகாரம் கிடையாது.

ஒரு வாரம் கழித்து நான் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓரத்தில் நின்று ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகிவிட்டது. மணி அடிக்கவில்லை. மார்க்கெட்டின் பின்பக்கப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கடைசிக் கடையில் குனிந்து ஒரு கட்டு கீரையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. வாடிய இலை இங்கே, பழுத்த இலை அங்கே. வாழைநார் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்து, திரும்பிப் பார்க்காமல் வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் கயிற்றை இழுத்தார். பன்னிரண்டு பத்து.

காப்பிக்கடைக்காரர் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஓவர்சியர், மணி லேட்டா அடிக்குதா, இல்ல என் கடிகாரம் முன்னால ஓடுதா?"

நான் என் அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உங்க கடிகாரந்தான் தவுக்கே" என்று சொல்லிவிட்டு, என்னுடையதையும் பத்து நிமிஷம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டேன்.